டோபியக்காவின் கோபம்

அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் பங்களாவில் யாரும் அதைக் கேட்டதில்லை. "டோபி வந்திருக்கு" என்பார் சமையற்காரர். "டோபிகிட்டப் போடு" என்பாள் அம்மா. நான் அக்கா என்று கூப்பிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் பெயர் என்ன அக்கா என்று நானும் ஒரு நாள் கேட்கவில்லை. இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அதை நினைத்தால் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆள் ஒல்லி. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். சோடாவிலும் சவுக்காரத்திலும் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோலுரிந்திருக்கும். புருஷன் இஸ்திரி போடுகிறவர். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். பேசினாள் என்பதுகூடத் தவறு. திட்டினாள்.

அவள் திட்டாத பொருள் எங்கள் வட்டாரமான பிரிக்பீல்ட்ஸில் கிடையாது. வெயில் வராவிட்டால் வானத்தைத் திட்டுவாள். ரயில் பட்டறைக் கரி வந்து காயப்போட்ட வேட்டியில் உட்கார்ந்தால் இங்கிலாந்து ராஜா வரைக்கும் போய்விடுவாள். ஈயம் தோண்டும் லம்பத்துச் சேறெல்லாம் கிள்ளான் ஆற்றில் கலந்து தண்ணீர் பழுப்பாக ஓடும். அதில் துவைக்க முடியாது என்பதால், டோபிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த டோபி லயத்தில் ஒரு கிணறும் சிமெண்டுத் தொட்டிகளும் இருந்தன. தொட்டியோரத்துக் கல்லில் அவள் துணி அடிப்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துணிக்கும் அதை உடுத்தியவர் பெயரில் அர்ச்சனை நடக்கும். "பொண்டாட்டிய அழவச்சுட்டுக் கோயிலுக்குப் போவியா? போ, போ" என்று ஒரு அங்கவஸ்திரத்தை அடிப்பாள். "ஒனக்கு வேல செய்யறவன் மனுசன் இல்லியா?" என்று யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் கால்சட்டையை அடிப்பாள். துணி கிழியாது. அந்தக் கை அப்படி.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால், மூட்டையைப் பிரித்தாலே அவளுக்கு அந்த வீட்டு நடப்பு தெரிந்துவிடும். வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டைப் பாலைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் போடும் அந்தக் கறுப்புக் குறி எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. எங்கள் வீட்டுக்கு மூன்று புள்ளியும் ஒரு கோடும். அந்தக் குறி உள்ள மூட்டையில் வாராவாரம் என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று அவளுக்கு மனப்பாடம். எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார், எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் சொல்லிவிடுவாள்.

என் வீட்டில் என்ன சரியில்லை என்பதையும் அவள்தான் முதலில் சொன்னாள்.

அப்பா பெரிய கண்ட்ராக்டர். ரயில் பாதைக்குக் கருங்கல் ஜல்லி அடித்துக் கொடுப்பது அவர் தொழில். பிரிக்பீல்ட்ஸுக்குப் பின்னால் மேட்டில் இருந்த பங்களா எங்களுடையது. இரண்டு கார். சமையலுக்கு ஆள், தோட்டத்துக்கு ஆள், எனக்கு ஓர் ஆயா. அப்பா கிள்ளானில் இருப்பார், ஈப்போவில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார். அம்மா மாதர் சங்கத்தில் இருப்பாள், கல்யாண வீட்டில் இருப்பாள், யார் வீட்டுத் தேநீர் விருந்திலோ இருப்பாள். அவர்கள் என்னை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. அதற்கெல்லாம் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டுமே! ஊரார் என்னை அதிர்ஷ்டக்காரி என்றார்கள். ஊராருக்கு என்ன?

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது இரண்டு பேரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நிலம் வாங்க, கோயில்களுக்குப் போக, சொந்தபந்தத்தைப் பார்க்க. மூன்று மாதம் என்று சொல்லிப் போனவர்கள் பதினான்கு மாதம் கழித்து வந்தார்கள். கடிதம் வரும். அப்பாவின் குமாஸ்தாவுக்கு வரும். அதன் கடைசி வரியில் "குழந்தை சௌக்கியமா" என்று இருக்கும். குமாஸ்தா என்னைப் பார்க்காமலே "சௌக்கியம்" என்று பதில் எழுதிவிடுவார்.

அவர்கள் போன இரண்டாவது வாரத்திலிருந்து நான் படுக்கையை நனைக்கத் தொடங்கினேன். அவ்வளவு பெரிய வீட்டில் மாடியறையில் தனியாகப் படுத்தால் வேறென்ன ஆகும்? ஆயா தொடையில் கிள்ளுவாள். விரிப்பைச் சுருட்டி அழுக்கு மூட்டைக்கு அடியில் திணித்துவிடுவாள். யாருக்கும் தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை டோபியக்கா பின்படியில் மூட்டையைக் கட்டாமல் நின்றாள். "ஆயா, இங்க வா. இந்த வீட்டுல வாரத்துக்கு ஒரு விரிப்புதான் விழும். இப்ப ஆறு விழுது. புள்ள படுக்கைய நனைக்குதா?"

"ஆமா, அதுக்கு என்ன? துவைக்கறதுதானே ஒன் வேல."

"எ வேல எனக்குத் தெரியும். ஒன் வேல என்னா? புள்ள பயந்து சாவுது, நீ கீழ கட்டில் போட்டுக் கொறட்ட விடறியா? இன்னைக்கே பாயத் தூக்கிட்டு மேல போ. இல்ல, நா குமாஸ்தா ஐயா வீட்டுல போயி விரிப்ப விரிச்சுக் காட்டுவேன்."

டோபியக்கா அப்படியே என் பக்கம் திரும்பினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ என்னா, ஊமையா? பயமா இருக்குன்னு வாயத் தொறந்து கத்த மாட்ட? கொட்டாப்புளி மாதிரி நின்னா யாருக்குத் தெரியும்?"

எட்டு வயது வரை என்னை யாரும் அப்படித் திட்டியதில்லை. எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. அவள் என்னைத்தான் திட்டுகிறாள், வேறு யாரையும் இல்லை, என் முகத்தைப் பார்த்துத் திட்டுகிறாள் என்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

வந்தாள். வந்ததும் என் கவுன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "என்னா கவுனு இது? மூணுலயும் ஒரு பொட்டு அழுக்கு இல்ல. எட்டு வயசுப் புள்ள உடுத்துனதா, இல்ல கண்ணாடிப் பெட்டியில வச்ச பொம்ம உடுத்துனதா? வெளயாட மாட்டியா நீ?"

"யாரும் இல்லக்கா" என்றேன்.

அவ்வளவுதான். அவளுக்கு முகம் சிவந்தது. மூட்டையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு மேட்டை இறங்கினாள். ஆயா "ஏய், ஏய்" என்று இரண்டு தரம் கூவியதோடு சரி. அவளுக்கும் மத்தியானம் தூங்க வேண்டும்.

டோபி லயத்தில் எந்நேரமும் ஐந்தாறு பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டு அவளுடையது, மற்றது அக்கம்பக்கத்து வீடுகளுடையது. "இந்தாங்க, இன்னொரு புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கேன், சேத்துக்குங்க" என்று என்னை அவர்கள் நடுவில் தள்ளிவிட்டுக் கல்லுக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சேற்றில் விழுந்தேன். மாங்காய்க்குச் சண்டை போட்டேன். ஒருத்தி தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். சாயங்காலம் என் வெள்ளைக் கவுன் பாசார் மீன்கடையில் துடைத்த துணி மாதிரி இருந்தது. அதைத் துவைக்கப் போகிறவளும் அவள்தான். "எந்தக் கழுதை இப்படிப் பொரண்டுச்சு? இந்தக் கறை போகுமா? எங் கையி போயிரும்போல!" என்று கத்திக்கொண்டே துவைத்தாள். மறுவாரமும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பதினான்கு மாதமும் அப்படித்தான் போனது. என் படுக்கை காய்ந்துவிட்டது. நான் நான்கு விரல் உயர்ந்தேன். பாவாடை, கவுன் எல்லாவற்றின் கீழ் மடிப்பையும் அவளே இரண்டு தரம் பிரித்துவிட்டாள். யாரும் சொல்லி அல்ல.

பிறகு அவர்கள் வந்தார்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து இரண்டு கார் நிறையப் பெட்டிகள். அம்மா என் கன்னத்தைத் தட்டி, "ஒனக்குப் பத்து கவுன் தச்சுக் கொண்டாந்திருக்கேன். மெட்ராஸ்ல வெள்ளக்காரத் தையக்கடையில குடுத்துத் தச்சது" என்றாள். பெட்டியைத் திறந்தால் கப்பல் ஈரத்தில் எல்லாம் பூஞ்சை வாடை. போட்டுப் பார் என்று அம்மா சொல்லவில்லை. "அப்படியே டோபிக்குப் போடு. வந்ததும் அலமாரியில அடுக்கிடலாம்" என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூடத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர். அம்மா காசியையும் ராமேஸ்வரத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓர் ஓரத்தில் நாற்காலியில் கை கட்டி உட்கார வைக்கப்பட்டிருந்தேன். அப்போது முன்வாசல் வழியாக டோபியக்கா உள்ளே வந்தாள். பின்படியைத் தாண்டி அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. கையில் இஸ்திரி போட்டு மடித்த கவுன்கள்.

"என்ன இது? பின்னால போ" என்றாள் அம்மா.

டோபியக்கா யாரையும் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, "எந்திரி பாப்பா" என்றாள். எழுந்தேன். மேலிருந்த கவுனை உதறி என் தோளில் வைத்துப் பிடித்தாள். கீழ் விளிம்பு என் தொடையில் நின்றது. தோள் என் கழுத்துக்குக்கூடக் காணாது. அதை நாற்காலியில் போட்டுவிட்டு அடுத்ததை வைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் வைத்தாள். ஒரு பெண்மணி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்குத் தச்ச உடுப்பும்மா இது. பத்தும் இதே அளவு. இந்தப் புள்ளைக்கு இப்ப ஒம்பது முடிஞ்சிருச்சு. அது எவ்ளோ ஒசரம்னு ஒங்களுக்குத் தெரியுமா? அழுக்குத் துணி எடுக்கற எனக்குத் தெரியுது. பெத்தவங்களுக்குத் தெரியலையா?"

அம்மாவின் முகம் எப்படி ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் டோபியக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிக் கவுன்களையும் நாற்காலியில் வைத்துவிட்டு முன்வாசல் வழியாகவே போனாள். கோபத்தில்தான் வந்தாள் என்று அன்று நினைத்தேன். தான் என்ன இழக்கப் போகிறோம் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வந்தாள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அன்றே எங்கள் வீட்டுத் துணி நின்றது. அந்த வாரத்துக்குள் மேட்டில் இருந்த மற்ற நான்கு பங்களாக்களும் நிறுத்திவிட்டன. எல்லாம் சீனர் சலவைக் கடைக்குப் போனது. மாதர் சங்கத்தின் ஒற்றுமையை இந்த மாதிரி விஷயத்தில்தான் பார்க்கலாம். மறுநாள் தையற்காரர் வந்து எனக்கு அளவெடுத்தார். அம்மா பக்கத்து அறையில் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். புதிதாகப் பத்து கவுன் வந்தது. எனக்கு இனி டோபி லயத்துக்குப் போகக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

நான் அந்தக் கவுன்களைத் தொடவில்லை. டோபியக்கா மடிப்புப் பிரித்துவிட்ட பழைய நீலக் கவுன் ஒன்று இருந்தது. அதையே உடுத்தினேன். கழற்றவில்லை. யாராவது கேட்கட்டும், ஒரு சண்டை வரட்டும் என்று காத்திருந்தேன். ஆயா கேட்டாள். முறைத்தேன். அவள் விட்டுவிட்டாள். அதே கவுனில் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் பேப்பர் படித்தார். அம்மா கோயிலுக்குப் போகும்போது தெருவாசலில் நின்றேன். "போயிட்டு வரேன்மா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுக் காரில் ஏறினாள். பதினோரு நாள். கழுத்தோரம் கறுத்து, கக்கம் நாறி, நானே என்னைச் சகிக்க முடியாமல் இருந்தேன். பதினோரு நாளும் அந்த வீட்டில் ஒருவர் மூக்கும் வேலை செய்யவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தூறிக்கொண்டிருந்தது. ஆயா தூங்கியதும் மேட்டை இறங்கி டோபி லயத்துக்கு நடந்தேன். தொட்டிகளில் பாதி வெறுமையாக இருந்தது. டோபியக்கா கல்லடியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி இது கோலம்? எத்தன நாளா இதயே உடுத்தியிருக்க? நாத்தம் கொடலப் புடுங்குது! யாரும் பாக்கலையா? அந்த வீட்டுல கண்ணு உள்ளவங்களே இல்லையா?"

அப்போதுதான் அழுதேன். எட்டு வயதிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. திட்டிக்கொண்டே கவுனைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை நான்கு வாளி தலையில் ஊற்றி, ஒரு ரயில்வே கார்டின் சட்டையை எனக்கு மாட்டிவிட்டாள். அது என் கணுக்கால் வரை வந்தது. தலையில் துண்டைச் சுற்றினாள். "இது காயற வரைக்கும் அதுங்களோட நில்லு" என்று இஸ்திரிக் கொட்டகைக்குள் கவுனை எடுத்துப் போனாள். நான் பிள்ளைகளோடு கூரை இறக்கத்தின் கீழ் நின்றேன்.

அப்போது கார் வந்தது; ஆயா விழித்து என்னைக் காணோம் என்று சொல்லியிருப்பாள். எங்கள் கார்தான். பின்னால் அப்பா. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். நான்தான் முன்னால் நின்றேன். அவருக்கும் எனக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

"பாப்பா, பங்களா வீட்டுப் பொண்ணு இங்க வந்துச்சா?"

என்னைத்தான் கேட்டார். தூறல், அவருடைய மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது, என் தலையில் துண்டு இருந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சமாதானங்களையெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. டிரைவருக்கும் அதே தூறல்தானே? அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"வரலீங்க" என்றேன்.

"வந்தா வீட்டுக்கு வரச் சொல்லு." கண்ணாடி ஏறியது.

கார் நகரவில்லை. நகர முடியவில்லை. டோபியக்கா இஸ்திரிக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து அதன் முன்னால் நின்றுவிட்டாள். ஈரப் புடவை, கலைந்த தலை. இரண்டு கையையும் காரின் மூக்கில் ஊன்றியிருந்தாள்.

"எறங்குங்கய்யா. எறங்கி வாங்க. இங்க ஆறு புள்ளைங்க நிக்குது. ஒங்க புள்ளைய நீங்களே பாத்து எடுத்துக்கங்க."

அவள் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி அன்றுதான் கேட்டேன். லயத்தில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அப்பா இறங்கினார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் நின்ற பிள்ளையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. குனிந்தார். அவருடைய மூச்சில் சுருட்டு வாசனை வந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா?" என்றார். கூப்பிட்டது போல இல்லை, கேட்டது போலத்தான் இருந்தது. பிறகு குரலை உயர்த்தி, "நீதானா? அப்புறம் ஏன் இங்க இல்லேன்னு சொன்ன?"

"நீங்க என்னைத்தானேப்பா கேட்டீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கார்டு சட்டையோடு என்னைக் காரில் ஏற்றினார். வீடு போகும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு நன்றாக இருக்கும். நான் மன்னிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, துணியெல்லாம் பழையபடி டோபிக்கே போடச் சொன்னார் அப்பா. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எதிர்த்துப் பேசவில்லை. டோபியக்கா வந்தாள். பின்படியில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். அப்பாவின் சட்டைகளை ஒரு பக்கம் போட்டாள். அம்மாவின் புடவைகளை அதன் மேல் போட்டாள். விரிப்பு, திரைச்சீலை, மேசைத்துணி எல்லாவற்றையும் தள்ளினாள். என்னுடைய ஐந்து உருப்படியை மட்டும் தனியாக எடுத்துத் தன் துண்டில் முடிந்தாள்.

அம்மா கதவருகே வந்து நின்றாள். "ஏன், எங்க துணி என்ன கடிக்குதா? ஐயாவே எல்லாத்தையும் குடுக்கச் சொல்லிட்டாரு."

"இது போதும்மா" என்றாள் டோபியக்கா.

மேட்டுப் பங்களாத் துணி நின்றுபோன பிறகு அவளுக்குப் பிழைப்பு கஷ்டம்தான். எங்கள் வீட்டு மூட்டை ஒன்றே நாலு வீட்டுக்குச் சமம். அதைப் படியிலேயே விட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போகும்வரை, மழையோ வெயிலோ, திங்கட்கிழமை தவறாமல் என்னுடைய ஐந்து உருப்படிக்காக அந்த மேட்டை ஏறி வந்தாள். வந்ததும் என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தரம் பார்ப்பாள். அப்புறம்தான் திட்டத் தொடங்குவாள்.